தேர்ந்த இருவர் மோதும் சதுரங்க ஆட்டம் ஏன் டிராவில் முடிகிறது?

சதுரங்கத்தில் டிரா என்பது, வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்து, ஆளுக்கு அரைப் புள்ளி கிடைப்பது. வெல்வதற்குச் சிறு அனுகூலம் போதாது என்பதே இதன் அடிப்படைக் காரணம். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தாலும், எதிராளியின் ராஜா அதன் பாதையை மறித்து நின்றுவிட்டால் பெரும்பாலும் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய் ராணியாக்க முடியாது, அனுபவசாலிகள் அப்படி மறிக்கத் தவறுவதும் அரிது. ஒரே கதவை இருபுறமிருந்தும் சம பலத்துடன் தள்ளுவதைப் போன்றது இது: கதவு அசையாது, ஆனால் இருவர் தோளும் வலிக்கும். 2018 லண்டன் உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில், கறுப்புக் காய்களுடன் ஆடிய அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சன் மணிக்கணக்கில் நெருக்கியும், அவரை எதிர்த்து ஆடிய கருவானா 115 நகர்த்தல்கள்வரை தாக்குப்பிடித்து அரைப் புள்ளியைக் காப்பாற்றினார். பல வெற்றிகளைவிட அந்தத் தற்காப்பையே நான் உயர்வாக மதிக்கிறேன். டிரா என்றாலே இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்று பலர் எண்ணுவது சரியன்று.