பிள்ளையின் குணத்துக்கு வீதக்கணக்கு

ஐயா, வணக்கம்.

வடமராட்சியில் ஒரு பாடசாலையில் தரம் ஐந்துக்குப் படிப்பிக்கிறேன். வகுப்பில் ஒரு பையன் எதற்கெடுத்தாலும் அடிக்கிறான். தகப்பனும் பேரனாரும் குடிகாரர்கள், அது இரத்தத்தில் ஊறியது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். குடிக்கு அடிமையாவதில் பாதி பரம்பரை என்று நானும் வாசித்தேன். மனித நடத்தையில் பரம்பரை எத்தனை வீதம், சூழல் எத்தனை வீதம், கற்றல் எத்தனை வீதம்? புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் நேரத்தில் இவனுக்காக மினக்கெடுவதில் பயன் உண்டா? கைபேசியும் காரணமா? கிரகப் பெயர்ச்சி என்றும் சிலர் சொல்கிறார்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்த கிழமை நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கலியாணப் பேச்சில், பெண்ணின் குணத்தை அறிவதற்கு அவளுடைய பேத்தியாரின் பழைய சண்டைகளை விசாரித்தவர்களைக் கண்டு மனம் கொதித்திருந்தது.

கிரகப் பெயர்ச்சியை விட்டுவிடுங்கள். கைபேசி அவனுடைய நித்திரையைக் கெடுக்கிறதென்றால், இரவில் வாங்கி வைக்கும்படி தாயிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

அந்தப் ‘பாதி’க் கணக்கை மட்டும் நான் விடப்போவதில்லை, ஏனென்றால் படித்தவர்கள் அதை வைத்துத்தான் பிள்ளைகளைக் கைவிடுகிறார்கள். இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள் ஏறத்தாழ 50 வீதம் என்று சொல்வது உண்மை. ஆனால் அது ஒரு மக்கள் கூட்டத்துக்குள் ஆளுக்காள் காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கே தவிர, உங்கள் மாணவனின் வாழ்க்கையில் பாதியைத் தகப்பன் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார் என்பதல்ல. சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும். போதிய உணவு கிடைக்கும் நாடுகளில் உயர வேறுபாட்டின் ஏறத்தாழ 80 வீதம் பரம்பரை சார்ந்தது. இருந்தும் 1896 இல் பிறந்த தென் கொரியப் பெண்களைவிட 1996 இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயரமாக வளர்ந்தார்கள். நூறு ஆண்டுகளில் பரம்பரையலகுகள் (ஜீன்கள்) அவ்வளவு மாறுவதில்லை. சாப்பாடும் சுகாதாரமுமே மாறின.

இன்னும் கேளுங்கள். 1934 இல் நோர்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளின் சிறுநீரில் விசித்திரமான மணம் இருப்பதை மருத்துவர்களிடம் விடாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் கண்டறிந்த நோய்தான் பினைல்கீற்றோனூரியா. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதுபட்ட பரம்பரையலகைப் பெற்ற பிள்ளையின் ஈரலில், பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதியம் வேலை செய்யாததால், அது குருதியில் பெருகி மூளையைக் கெடுக்கிறது. முழுக்க முழுக்கப் பரம்பரை நோய். ஆனால் பிறந்த சில நாள்களில் குதியில் எடுக்கும் குருதித் துளிகளில் அதை அறிந்து, அந்த அமிலம் குறைந்த உணவைக் கொடுத்து வளர்த்தால், அதே பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலப் படிக்கிறது. அந்தப் பிள்ளையின் அறிவில் பரம்பரை எத்தனை வீதம், உணவு எத்தனை வீதம் என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்த பிறகு, மரநிழலில் நடந்த வகுப்பொன்றில் எனக்கும் இப்படி ஒரு மாணவன் இருந்தான். பின்னாலிருந்து யாராவது தொட்டால் திரும்பி அடித்துவிடுவான். “தகப்பனும் முரடன்தானே” என்றார்கள். பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) வரும் நேரமெல்லாம் அவனைப் பின்னாலிருந்து பிடித்துப் பதுங்குகுழிக்குள் தள்ளியிருக்கிறார்கள் என்பதை, கேட்ட பிறகுதான் தாய் சொன்னார். இப்படிப் பழகுவது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். நரம்பியல் ஆராய்ச்சியாளர் எரிக் கண்டலும் அவரோடு வேலை செய்தவர்களும் ஏப்லீசியா என்னும் கடல் நத்தையின் வாலுக்குப் பல நாள்கள் மின்னதிர்ச்சி கொடுத்தபோது, மெல்லத் தொட்டாலே அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளப் பழகியது. உணர்ச்சி நரம்புக்கலங்களின் இணைப்பு முனைகளும் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. கண்டலுக்கு 2000 இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில் நடத்திய ஆராய்ச்சிக்காகத்தான். கற்றல் நரம்பின் வடிவத்தையே மாற்றுமென்றால், உயிரியலை ஒரு பக்கமும் கற்றலை மறுபக்கமும் வைத்து நிறுப்பது எப்படி? என் மாணவனை மரத்தில் முதுகு சாய்த்து இருக்கவிட்டேன். அவனிடம் போகிறவர்கள் முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வகுப்புக்குச் சொன்னேன். முற்றாக நிற்கவில்லை, ஆனால் அடிப்பது மெல்ல மெல்லக் குறைந்தது.

மினக்கெடுவதில் பயன் உண்டா என்று கேட்டதற்கு உங்களைக் கண்டிக்காமல் விட முடியாது. பத்து வயதுப் பிள்ளையை வெட்டுப்புள்ளியைத் தாண்டுவான், தாண்டமாட்டான் என்று பிரித்துப் பார்த்துவிட்டு, பழியை அவனுடைய பேரனார் மேல் போடுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகல்ல. அவன் காதுபடத் தகப்பனின் கதையைச் சொல்லும் ஒவ்வோர் ஆசிரியரும் அவன் வளரும் சூழலில் ஒரு பகுதி. அந்தப் பேச்சை நாளைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். புதிய ஆசிரியை என்று தயங்க வேண்டாம். அவனைக் கைவிட மனமில்லாததால்தான் நீங்கள் எனக்கு எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரியும், பிள்ளை.

அடுத்த கடிதத்தில் அவனுடைய தகப்பனைப் பற்றி எழுத வேண்டாம். அவன் காலையில் என்ன சாப்பிட்டு வருகிறான், எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போகிறான், அடிப்பதற்குச் சற்று முன் அவனுக்கு என்ன நடந்தது என்பவற்றை ஒரு கிழமை கவனித்து எழுதுங்கள். உடனே பதில் போடுகிறேன்.