இது எந்தப் படத்துல? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பி சென்ற ஆண்டு பைக் விபத்தில் இறந்துபோனான். 24 வயது. கோவையில் நண்பர்களோடு ஒரு சின்ன பேண்ட் வைத்திருந்தான். பாட்டும் மெட்டும் அவனே போடுவான். கல்லூரி விழாவிலோ கஃபேயிலோ வாசிக்கப் போனால் நாலாவது பாட்டுக்குள் சினிமாப் பாட்டு கேட்டுவிடுவார்களாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொல்வான். இழப்பீடாக வந்த 8 லட்ச ரூபாயைத் தொட அம்மாவுக்கு மனம் வரவில்லை. அவன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, சொந்தப் பாட்டு எழுதும் இளைஞர்களுக்கு ஒவ்வொரு நினைவு நாளிலும் போட்டி வைத்து, மூன்று பேருக்கு ரொக்கமும் கேடயமும் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். வயது வரம்பு 25. இங்கிலாந்தில் ஜோ ஸ்டிரம்மர் என்ற ராக் பாடகரின் நினைவாக இப்படி ஒன்று நடப்பதாகப் படித்தேன். பதிவு செய்வது அவசியமா? வரிவிலக்கு கிடைக்குமா? அவன் பாதியில் விட்ட பாட்டுகளை நல்ல இசையமைப்பாளர் ஒருவரைக் கொண்டு முடித்து வெளியிடலாமா? இதெல்லாம் எங்கள் ஆறுதலுக்காக மட்டும் செய்துகொள்வதுதானோ என்றும் தோன்றுகிறது.

ச., கோவை

அன்புள்ள ச.,

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆறுதலுக்காகவே இருந்தால்தான் என்ன? கோயில் அன்னதானம், சித்திரை மாதத் தண்ணீர்ப் பந்தல், பள்ளிக்கூட டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் 'உபயம்', எல்லாம் யாரோ ஒருவர் தாங்க முடியாமல் செய்ததுதான். உங்கள் அம்மா அந்தப் பணத்தைத் தொட மாட்டேன் என்கிறாரே, அதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லி மாற்ற வேண்டாம். அவர் சொல்வது சரி.

ஆனால் கேடயம் என்று படித்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மன்னியுங்கள், இதைக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப்போகிறேன்.

கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மறைந்த பெரியவர் ஒருவரின் நினைவாக நடந்த இசைப் போட்டிக்கு ஒரு நண்பரோடு போயிருந்தேன். அவர் நடுவர், நான் வேடிக்கை பார்க்க வந்தவன். சிறப்பு விருந்தினர் வருவதற்கே மதியமாகிவிட்டது. மேடையில் இறந்தவரின் படத்தைவிட விருந்தினரின் படம் பெரிது. பிள்ளைகள் வரிசையாக வந்து போன வருஷத்து ஹிட் பாட்டுகளைப் பாடினார்கள். நடுவில் ஒரு பையன், பத்தாவதோ பதினொன்றாவதோ படிப்பவன், ஆர்மோனியத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பவர்லூம் சத்தத்தில் தூங்கிப் பழகிய ஒருவனுக்கு, கரண்ட் போனதும் விழிப்பு வந்துவிடுகிறது. பாட்டு அதைப் பற்றி. சரணத்தில் தறியின் தாளம் நின்றுவிடும், வெறும் குரல் மட்டும் போகும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாடி முடித்ததும் நடுவர் ஒருவர் கேட்டார்: "இது எந்தப் படத்துல?"

"படமில்லீங்க. நானே போட்டதுங்க."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதிப்பெண் தாளில் சுருதி, தாளம், பாவம், மேடைத் தோற்றம் என்று கட்டம் போட்டிருந்தது. இதற்கு ஒரு கட்டம் இல்லை. பையனுக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைத்தது.

உங்கள் போட்டியில் அந்தக் கட்டம் இருக்கும், நீங்கள் சொந்தப் பாட்டுக்காகவே நடத்துகிறீர்கள் என்பது தெரியும். இருந்தாலும் என் சண்டை போட்டியோடுதான். போட்டி என்றால் முன்னமே எழுதி முடித்த பாட்டுக்கு மேல் ஒரு நாள் வெளிச்சம் அடிப்பது. மறுநாள் அந்தப் பாட்டு எங்கே போகும்?

ஜோ ஸ்டிரம்மரைச் சொன்னீர்கள். 2002 டிசம்பரில், 50 வயதில் திடீரென்று இறந்தார். குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, வளரும் குழுக்களுக்குக் கைகொடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் எனக்குக் கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது அதற்கும் 60 வருடம் முந்திய ஒரு பெயர்: நத்தாலி. உங்கள் கடிதம் அதன்மேல் வந்து விழுந்தது.

செர்கேய் கூசெவிட்ஸ்கி ரஷ்யாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்துப் பேர் வாங்கி, பிறகு ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரானவர். நத்தாலி அவர் மனைவி, பணக்காரத் தேயிலை வியாபாரியின் மகள். அந்தப் பணத்தில் இருவருமாக 1909இல் ஒரு இசைப் பதிப்பகம் ஆரம்பித்தார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி, ஸ்க்ரியாபின் போன்றவர்களின் புது இசையை அச்சிட்டார்கள். லாபம் எழுதியவர்களுக்கே என்பது ஏற்பாடு. 1924இல் கூசெவிட்ஸ்கி பாஸ்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்து, கால் நூற்றாண்டு அங்கே இருந்தார். 1942 தொடக்கத்தில் நத்தாலி இறந்தார். அந்த ஆண்டே அவர் நினைவாக ஒரு அறக்கட்டளை அமைந்தது. அது போட்டி வைக்கவில்லை, பதக்கம் அடிக்கவில்லை. புதிதாக ஒன்று எழுதச் சொல்லிக் காசு கொடுத்தது. எழுதியதன் கையெழுத்துப் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டது. தலைப்புக்குக் கீழே 'நத்தாலி கூசெவிட்ஸ்கியின் நினைவுக்கு' என்று ஒரு வரி.

அந்தக் காசு முதலில் கிடைத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். அப்போது அவருக்கு 28 வயது. ஏன் இன்னும் ஆபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், எழுதவில்லை என்று கூசெவிட்ஸ்கி கேட்டாராம். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவதற்குப் பணம் வேண்டுமே என்றார் பிரிட்டன். 1,000 டாலர் வந்தது. அதில் பிறந்ததுதான் 'பீட்டர் கிரைம்ஸ்'. 1945 ஜூன் 7 அன்று லண்டனில், ஐரோப்பாவில் யுத்தம் முடிந்து ஒரே மாதத்தில், அரங்கேறியது. காசு கொடுத்தவர் அமெரிக்காவில். அரங்கேற்றம் என் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு, பாஸ்டன் ஆர்கெஸ்ட்ரா கோடையில் வாசிக்கும் டாங்கிள்வுட்டில், தன் மாணவர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைனை நடத்தச் சொல்லி அங்கே கேட்டார். நம்மூரில் ஸ்பான்சர் செய்தவர் பேனரில் பெயர் சின்னதாக வந்துவிட்டதென்று மேடையை விட்டு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக். இவர் இளைஞரல்ல. 1943இல் 62 வயது, நியூயார்க் ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ஹங்கேரியை விட்டு வந்தபின் புதிதாக எதையும் எழுதி முடிக்கவில்லை. கையில் காசில்லை, ஆனால் இரக்கப்பட்டுக் கொடுத்தால் வாங்க மாட்டார். சக ஹங்கேரியர்களான வயலின் கலைஞர் ஸிகெட்டியும் கண்டக்டர் ரைனரும் அவருக்குத் தெரியாமல் கூசெவிட்ஸ்கியிடம் பேசினார்கள். கூசெவிட்ஸ்கி ஆஸ்பத்திரிக்கே வந்து, அறக்கட்டளை உங்களிடம் ஒரு ஆர்கெஸ்ட்ரா இசை கேட்கிறது என்றார். உதவி என்றால் கதவைச் சாத்தியிருப்பார், வேலை என்றதும் எழுந்து உட்கார்ந்தார். அதியமான் நேரில் பார்க்காமல் பொருளை மட்டும் அனுப்பி வைத்தபோது 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுத்த சங்கப் புலவர் பெருஞ்சித்திரனாரை நமக்குத் தெரியும். தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவே ஆனாலும் இனிது என்றவர் அவர். பார்டோக் அந்த ஜாதி. ஆகஸ்ட் நடுவில் சாரனாக் லேக் என்ற மலையூரில் தொடங்கி, அக்டோபர் 8இல் 'கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா'வை முடித்துவிட்டார்.

(வயது வரம்பை எடுத்துவிடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? 26 வயதில் எழுத ஆரம்பிக்கும் பையன் என்ன பாவம் செய்தான்? நாற்பதில் ஆரம்பிக்கும் பெண்?)

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் முதல் தடவையாக வாசித்தார்கள். பார்டோக் நேரில் இருந்து கேட்டார். அதே டிசம்பர் கடைசியில் மறுபடி வாசித்தார்கள். ஒரே மாதத்தில், அதே ஊரில், அதே இசை. முடிவு சட்டென்று நின்றுவிடுவதாகப் பட்டதால் பார்டோக் இன்னும் நீளமான ஒரு முடிவை எழுதினார். இன்று பெரும்பாலும் வாசிப்பது அதைத்தான். எழுதியவர் தன் இசையைக் காதால் கேட்டால்தான் அதைத் திருத்த முடியும். கேட்பவர்களுக்கும் இரண்டாவது தடவைதான் காது திறக்கும்.

உங்கள் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னானே, நாலாவது பாட்டுக்குள் சினிமாப் பாட்டு கேட்டுவிடுகிறார்கள் என்று. கேட்டவர்களைத் திட்டாதீர்கள். ரசனை கெட்டுவிட்டது என்று புலம்பும் கட்டுரைகளை நானும் படிக்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது. அவர்கள் கேட்கும் அந்தப் பாட்டை பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண மண்டபத்தில், பக்கத்து வீட்டு டிவியில் என்று ஏற்கெனவே நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். புதுப் பாட்டு முதல் தடவை கேட்கும்போது அறிமுகமில்லாத ஆள் மாதிரி, முகம் மட்டும்தான் தெரியும். சினிமாவின் பலம் மெட்டில் பாதி, திரும்பத் திரும்பக் காதில் விழவைக்கும் பணத்தில் பாதி. சொந்தப் பாட்டு எழுதும் பிள்ளைகளிடம் இல்லாதது அந்த இரண்டாவது பாதி. வெளியீட்டு விழா நடக்கும், ஒரு நாள் வாசிப்பார்கள், மாலை போடுவார்கள், முடிந்தது. நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாரும் கேட்பதில்லை: முதல் கச்சேரிக்குக் காசு கொடுக்க ஆளிருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவதைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். 8 லட்சத்தை வங்கியில் போட்டால் வருடத்துக்கு ஐம்பதாயிரத்தைச் சுற்றி வட்டி வரும். மூன்று பரிசாக உடைத்தால் மூன்று பேருக்கும் பெட்ரோல் செலவு. வருடத்துக்கு ஒரே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். விண்ணப்பம் வாங்காதீர்கள், போய்க் கேளுங்கள், உங்கள் தம்பியின் நண்பர்களுக்கு யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று தெரியும். ஒரு புதுப் பாட்டு எழுதித் தரச் சொல்லி, பணத்தில் பாதியை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். வாசிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், 'நல்ல காரியம்தானே தம்பி' என்று ஓசியில் வாங்காதீர்கள். அப்புறம் அதே பாட்டை ஒரு வருடத்துக்குள் மூன்று இடத்தில் வாசிக்க வையுங்கள். கஃபேயில் ஒன்று, கல்லூரியில் ஒன்று, மூன்றாவது எங்கே என்று நீங்களே பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பாடுவதற்கு முன்னால் உங்கள் தம்பி பெயரை ஒரு தடவை சொன்னால் போதும். படமும் குத்துவிளக்கும் வேண்டாம். நினைவு நாளில் நடத்தவே நடத்தாதீர்கள். அன்றைக்கு உங்கள் அம்மா வீட்டில் இருக்கட்டும்.

உரிமையை எழுதி வாங்கிவிடாதீர்கள், அறக்கட்டளை பெயரிலும்கூட. சினிமாவில் மெட்டையும் வரியையும் மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டிருந்ததற்கு 2012 சட்டத் திருத்தம் வந்துதான் எழுதியவர்களுக்கு ராயல்டியில் பங்கு உறுதியானது. நீங்கள் அதைத் திரும்பத் தொடங்க வேண்டாம்.

பதிவு, வரிவிலக்கு எல்லாம் ஆடிட்டரைக் கேளுங்கள். பதிவு செய்யாமலும் முதல் வருடத்தை நடத்தலாம்.

பாதியில் நிற்கும் பாட்டுகளை வேறொருவரைக் கொண்டு முடிக்கவே கூடாது. எவ்வளவு நல்ல இசையமைப்பாளரானாலும் சரி. முடித்தால் அது அவர் பாட்டு. உங்களுக்கும் அம்மாவுக்கும் அதில் தம்பியின் குரல் இருப்பது போலத் தோன்றும், கொஞ்ச நாளில் எந்த வரி அவன் போட்டது என்றே மறந்துபோகும். உள்ளது உள்ளபடி, பாதியில் நிற்கிற இடத்தில் நிறுத்தி, அவன் பெயரில் வெளியிடுங்கள். இறந்தபின் 60 வருடம் உரிமை வாரிசுகளுக்கு உண்டு, அவசரமில்லை. அவசரம் வேறொன்றில். அவன் போனில் பாடி வைத்தது, லேப்டாப்பில் இருப்பது, நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியது, எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். போனை யாரும் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடக் கூடாது. இந்த வாரமே செய்யுங்கள். அறக்கட்டளை காத்திருக்கலாம்.