மேஜையில் கொடி விரிக்கலாமா?

கேள்வி: 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் உயிர்நீத்த ஹவில்தார் பழனிக்குப் பள்ளியில் அஞ்சலி செலுத்தப் போகிறோம். மேஜையில் தேசியக்கொடியை விரித்துப் படம் வைக்கலாமா?
– பிளஸ் ஒன் மாணவி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் ஆத்தா. கொடியை மேஜை விரிப்பாக்கக் கூடாது என்கிறது 2002-ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு. வீட்டில் அரக்குச் சிவப்பில் கண்டாங்கிச் சேலை இருக்குமே, அதை நாலாக மடித்து, கரை முன்பக்கம் தெரிகிற மாதிரி விரியுங்கள். (அப்பத்தாவிடம் கேட்டுவிட்டு!) அப்புறம், ஹவில்தார் பழனி பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர், பீரங்கிப் படையில் இருந்தவர், மறைவுக்குப் பின் 2021-இல் வீர் சக்ரா என்ற வீரதீர விருது அறிவிக்கப்பட்டது. இதை ஒரு மாணவர் நிதானமாக வாசித்தால் போதும். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துகிற வேலையை மட்டும் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.