மதுரையிலிருந்து திருகோணமலைக்கு நேர் விமானம் உண்டா?

திருமங்கலத்துத் தம்பிக்கு,

மேப்பில் திருகோணமலை பக்கத்திலேயே 'சீனக்குடா விமான நிலையம்' என்று காட்டுது, அம்மாவோடு கல்யாணத்துக்கு அங்கேயே போய் இறங்கலாமா என்று கேட்டிருக்கீங்க. முடியாது தம்பி. அது இலங்கை விமானப்படையின் தளம், பயிற்சிக் கல்லூரியும் அங்கேதான். உள்நாட்டுச் சிறு விமானங்கள் இறங்குவதுண்டு. நம்ம ஊர்ச் சேவை கிடையாது.

மேப்பில் தெரியும் பாதி ஓடுபாதைகள் இப்படித்தான். வவுனியா, அனுராதபுரம், இரணைமடு எல்லாம் படையோடது. இரத்மலானை கொழும்புக்குத் தெற்கே. அதை கட்டுநாயக்கா (கொழும்பின் பெரிய பன்னாட்டு விமான நிலையம்) என்று நினைச்சு ரூம் போட்டுடாதீங்க. மத்தள விமான நிலையம் தெற்குக் கோடி, அங்கே உங்களுக்கு வேலையில்லை.

பெருங்குடியில், அதாவது மதுரை விமான நிலையத்தில் ஏறி கட்டுநாயக்காவில் இறங்குங்க. அது கொழும்புக்கு வடக்கே இருக்கு, அதனால் ஊருக்குள்ளே போய் டிராஃபிக்கில் மாட்டவே வேணாம். வேன் பேசி குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியா நேரா திருகோணமலை. அம்மாவுக்கு முட்டிவலி என்கிறீங்க, ஹபரணையில் நிறுத்திச் சாப்பிட்டுக் காலை நீட்டிக்கட்டும். ரயில்தான் வேணும்னா, அது கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து கிளம்புது.

இன்னொரு வழி, திருச்சி–பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்). 2025 மார்ச்சில் ஆரம்பிச்சது. சின்ன ஏடிஆர் விமானம், படியேறித்தான் உள்ளே போகணும். பலாலியிலிருந்து வவுனியா சுற்றி இன்னொரு நீளப் பயணம். யாழ்ப்பாணத்தில் சொந்தம் இருந்தா சரி, இல்லேன்னா நான் கொழும்பு வழியைத்தான் சொல்வேன்.

பலாலியிலும் விமானப்படை இருக்கு, போனை எடுத்து வீடியோ பிடிக்காதீங்க. இ.டி.ஏ. (இலங்கைக்குள் போக வாங்கும் மின்னணுப் பயண அனுமதி) விண்ணப்பத்தை முன்கூட்டியே ஆன்லைனில் போட்டுடுங்க. டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய அட்டவணையை ஒருதரம் பாருங்க.