நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: நானும் கணவரும் ஹட்டனுக்கு அருகே தோட்டத்தில் வேலை செய்கிறோம். எங்கள் இரண்டரை வயது மகனுக்குக் கண்டியில் மூளைக் கட்டியை அகற்றினார்கள். அரிய வகையாக இருக்கலாம், அறிக்கை வரட்டும் என்கிறார் வைத்தியர். உறவினர்களோ இந்தியாவுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஆறு பவுன் நகை இருக்கிறது. நுண்கடன் தரவும் ஆள் வருகிறார். என்ன செய்வது? – ஒரு தாய்

பதில்: சகோதரி, அறிக்கை கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காதீர்கள்.

கட்டியின் பெயர் தெரிந்தால்தான் செலவும் தெரியும். மெடுலோபிளாஸ்டோமா என்னும் மூளைக் கட்டியும், ஏ.டி.ஆர்.டி. என்னும் அரிய கட்டியும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். பின்னது பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே வருகிறது. அநேகமாக அதன் உயிரணுக்களில் ஐ.என்.ஐ.1 என்ற புரதம் இருக்காது. அகற்றிய திசுவில் சாயமேற்றி அதைக் கண்டறிவார்கள். பெயர் மாறினால் மருந்தும் மாறும். மூளை வளரும் பருவம் என்பதால் இந்த வயதில் கதிர்வீச்சைக் கூடியவரை தள்ளிவைக்கவே வைத்தியர்கள் பார்ப்பார்கள். ஆகவே “ஐ.என்.ஐ.1 பார்த்துவிட்டீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். அதை வெளியே செய்யவேண்டி வந்தால் கையிலுள்ள பணம் முதலில் அதற்குத்தான். இந்திய நிபுணரின் கருத்து வேண்டுமென்றாலும் மெழுகில் பதித்த திசுவையும் எம்.ஆர்.ஐ. படங்களையும் அனுப்பினால் போதும். பிள்ளையை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

அரச வைத்தியசாலைகளில், மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை உட்பட, சிகிச்சை இலவசம். உங்களைக் கரைக்கப்போவது மாதக்கணக்கான பஸ் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, வெளியே வாங்கச் சொல்லும் மருந்து, ஒருவருக்கு விழாமல் போகும் பேர் (நாட்கூலி). வருமானம் பாதியாகும் வீட்டுக்கு வாரத் தவணைக் கடன் ஆகவே ஆகாது. அந்தக் கடனுக்குப் பயந்து லயத்துக் கதவைச் சாத்திக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

வைத்தியரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போய் மருத்துவ உதவி தரும் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பியுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எஃப்.) பத்து வருடம் பூர்த்தியாகி, கணக்கில் மூன்று இலட்சம் ரூபாயாவது இருந்தால், மருத்துவத் தேவைக்காக 30 சதவீதம் வரை பெற வழியுண்டு. தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். நகை கடைசி. அதையும் வங்கியில், தேவைக்கு ஒன்றாக அடகு வையுங்கள்.

வாகன வாடகைக்கு மட்டும் ஒரு தொகையை வீட்டில் தொடாமல் வைத்திருங்கள். பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ எழுப்பமுடியாமல் சோர்ந்தாலோ மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். அன்றிரவே கிளம்பிவிட வேண்டும்.