கீமோ எடுக்கும் தோழிக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம்?

கேள்வி: நெருங்கிய தோழிக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. ஒருவேளைச் சாப்பாடாவது என் கையால் சமைத்துக் கொடுக்க ஆசை. என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?

பதில்: அரிசி களைவதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என்ன மருந்து ஏற்றுகிறார்கள்? மருந்துக்கு மருந்து நாக்கும் வயிறும் வேறு வேறு மாதிரி ஆகும். குமட்டல் இருப்பவர்களுக்கு ஆறிய சாப்பாடு, குளிர்ந்த மோர், ஐஸ் துண்டு எல்லாம் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு என்பதால் பலருக்கு அது சரிதான். கீமோ எடுத்த என் தோழிக்கு மட்டும் அது ஆகவே ஆகாது.

நாங்கள் கோத்தகிரி. அவளுக்குக் குடலில் புற்று. அறுவைச் சிகிச்சை முடிந்து, கோயம்புத்தூரில் கீமோ. ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தை ஒருநாள் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். பிறகு இரண்டு வாரம் வீட்டில் கேபசிடபின் மாத்திரை, மூன்றாவது வாரம் ஓய்வு, அப்புறம் மறுபடி முதலிலிருந்து. இந்த ஆக்சாலிபிளாட்டினுக்கு ஒரு குணம் உண்டு. ஏற்றிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ச்சி எது பட்டாலும் விரல் சுருக்கென்று குத்தும், ஜில்லென்று ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும். சமவெளியில் இருப்பவர்கள் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். மலையில் டிசம்பர், ஜனவரியில் குழாயைத் திறந்தாலே ஐஸ் தண்ணீர்தான். ராத்திரி முழுக்க அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் காலையில் கையில் எடுத்தவள் அப்படியே கீழே போட்டுவிட்டாள். "கரன்ட் அடிக்கிற மாதிரி இருக்குடீ" என்றாள்.

அதனால் அவளுக்குச் சமைப்பது என்றால் பாத்திரத்திலிருந்தே யோசிக்க வேண்டியிருந்தது. பீங்கான் கோப்பை, சின்ன மரக்கரண்டி, பரிமாறும் முன் வெந்நீரில் ஒருமுறை அலசிய தட்டு, பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். எவர்சில்வர் ஸ்பூனை விட்டதில் இன்னொரு நன்மையும் இருந்தது. கீமோ எடுக்கும் பலருக்கு எதைச் சாப்பிட்டாலும் வாயில் ஓர் உலோக ருசி வரும். மரக்கரண்டியோ பிளாஸ்டிக் ஸ்பூனோ இருந்தால் அது கொஞ்சம் குறையும்.

மாத்திரையால் வருவது வேறு தொந்தரவு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் உரிந்து எரியும். அந்தக் கையால் சூடான ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிட முடியாது, மிளகாய்க் காரம் வெடிப்பில் இறங்கினால் உயிர் போகும். ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடும் பதத்தில், கை பொறுக்கும் சூட்டில் கொடுங்கள்.

நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேபசிடபினைச் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். காலைக்கும் இரவுக்கும் இடையில் சுமார் 12 மணி நேரம். காலையில் 8 மணிக்குப் போடுகிறவர்களுக்கு நீங்கள் ராத்திரி 9 மணிக்கு ஆசையாகக் கொண்டுபோய் இறக்கும் சாப்பாட்டால் பயனில்லை. ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும்.

இனி சமையல். நான் அதிகம் செய்துகொடுத்தது பாசிப்பருப்புக் கஞ்சிதான். பச்சரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு அரைப் பங்கு, தோல் சீவிய கேரட் ஒன்று, ஒரு வில்லை இஞ்சி, தண்ணீர் தாராளமாக. கண்டிப்பாகக் குக்கர். எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு குழைய வெகு நேரம் ஆகும். சமவெளியில் மூன்று விசில் என்றால் இங்கே இன்னும் இரண்டு சேர்த்து வையுங்கள். ஆவி அடங்கியதும் இஞ்சியை எடுத்துவிட்டு, மத்தால் கடைந்து, உப்பும் ஒரு ஸ்பூன் நெய்யும் சேர்க்க வேண்டும். தாளிக்கக் கூடாது. கடுகும் காய்ந்த மிளகாயும் பொரிகிற அந்த நெடியே போதும், கீமோ எடுத்த ஆள் அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருக்க. கூட ஒரு முட்டை, மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வெந்தது. சிகிச்சைக் காலத்தில் உடம்பு இளைக்காமல் இருக்கப் புரதம் வேண்டும் என்று மருத்துவமனையிலேயே வலியுறுத்துவார்கள். பத்தியம், பட்டினி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்த நெடி விஷயம் மலைவீடுகளில் பெரிய விஷயம். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. காலையில் வதக்கிய வெங்காயம் ராத்திரி வரை கம்பளியில் மணக்கும். அதனால் உதவி செய்கிறேன் என்று அவர்கள் அடுப்படியில் போய் நிற்காமல் உங்கள் வீட்டிலேயே சமைத்து எடுத்துப் போங்கள். ஹாட்பாக்ஸின் மூடியை அவர்கள் முகத்துக்கு நேராகத் திறக்காமல், அடுப்படியில் திறந்து ஆவி போன பிறகு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவாருங்கள். கிண்ணமும் சின்னதாக இருக்கட்டும். தட்டு நிறையப் பார்த்தாலே பயந்துவிடுகிறார்கள். கால் கிண்ணம் சாப்பிட்டால் அதுவே நல்ல நாள்.

காய்கறிதான் எனக்கு மனசு கேட்காத இடம். சுற்றிலும் விளைவது முட்டைக்கோஸ், பீன்ஸ், பட்டாணி, முள்ளங்கி. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தோட்டத்துக் காயைப் பையோடு கொண்டுவருவார்கள். குடலில் கத்தி வைத்தவளுக்கு இவை எல்லாமே வாயு, வயிற்று இழுப்பு. கொஞ்ச காலத்துக்கு நார் குறைவாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். தோல் சீவிக் குழைய வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, சௌசௌ, இவ்வளவுதான் ஒத்துக்கொண்டது. அவள் படுகர் வீட்டுப் பெண், அவரைக்கொட்டைக் குழம்பு என்றால் உயிர். எத்தனை நாள் அதைக் காட்டாமல் இருப்பது? டாக்டரிடம் கேட்டு, கொஞ்சமாகத் தொடங்கலாம் என்று அவர் சொன்ன பிறகு, கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்கினேன். பிதுக்கிய பருப்பைக் குக்கரில் வெண்ணெயாக வேகவிட்டு, மிளகாய் இல்லாமல், சீரகமும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் சேர்த்தது. இரண்டு ஸ்பூன் சாதத்துக்கு இரண்டு ஸ்பூன் குழம்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். பிதுக்க ஆன நேரமெல்லாம் அப்போது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

வயிற்றுப்போக்கு வரும் நாட்களில் இதெல்லாம் கிடையாது. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சியும் ஓஆர்எஸ் கரைசலும் கொடுங்கள். பாலை நிறுத்திவிடுங்கள். வாயில் புண் வந்தால் எலுமிச்சை, தக்காளி, ஊறுகாய் வேண்டாம்.

கீமோ முடிந்து மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வரும் பயணத்துக்கும் கையில் ஏதாவது கொடுத்தனுப்புங்கள். சாதாரணமாகவே அந்த வளைவுகளில் பலருக்குப் பிரட்டும். வெறும் வயிறாக இருந்தால் இன்னும் மோசம். ஈரமில்லாத பண்டம்தான் அப்போது நிற்கும்: பொரி, ரஸ்க், நம்ம ஊர் வர்க்கி. வர்க்கி மொறுமொறுவென்று வாயைக் கீறும் என்பதால் புண் இருந்தால் வெதுவெதுப்பான டீயில் நன்றாக ஊறவைத்து.

சுத்தத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மருந்து ஏற்றி ஒன்று, இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், "கவுன்ட் கம்மியாயிருக்கு" என்பார்கள். அந்தச் சமயத்தில் பச்சைக் காய் சாலட், கடையில் வெட்டி வைத்த பழம், அரைவேக்காட்டு முட்டை, பழைய சோறு, காலையில் வடித்து வெளியே இருந்த சாதம் எதுவும் கூடாது. வீட்டுத் தயிர் கொடுக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சமைத்தது அன்றைக்கே. உங்களுக்குச் சளி, இருமல் இருந்தால் டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போனில் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் சாப்பாட்டுப் பேச்சை விட்டு உடனே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும்.

முள்சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். அன்பில்தான் கொண்டுவருகிறார்கள். ஆனாலும் சிகிச்சைக்கு நடுவில் டாக்டரைக் கேட்காமல் ஒரு மடக்குக்கூடக் கொடுக்காதீர்கள். சாதாரண சத்து மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம்கூடக் கேபசிடபினின் பக்கவிளைவைக் கூட்டிவிடும்.

அந்த வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களும் பசியோடுதான் இருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரர் நாள் கணக்கில் டீயும் பன்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் பையனுக்கும் காரமான குழம்பு, பொரியல், சாதம் என்று தனி டிபன் கட்டி, அவர் கடைக்கே அனுப்பினேன். நெடி வீட்டுக்குள் போகாது. டப்பாவைக் கழுவித் திருப்பித் தர வேண்டாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எதிரில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் ஒரு வாய்" என்று சொல்ல வேண்டாம். "என்ன வேணும்?" என்று கேட்பதும் அவர்களுக்குப் பாரம்தான், பசியே இல்லாதவர்களுக்கு எதைச் சொல்வது என்று தெரியாது. காலையில் வாட்ஸாப்பில் இரண்டே பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இட்லியா, பருப்புக் கஞ்சியா? சில நாள் "ரெண்டும் வேணாம், உருளைக்கிழங்கு மசிச்சுத் தர்றியா?" என்று பதில் வரும். நெய் விட்டு, மிளகு போடாமல், சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.