'டேக்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்? அது எங்கிருந்து வந்தது?

'டேக்' என்றால் 'எடு' என்று மனப்பாடம் செய்துவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'டேக் எ பஸ்' என்று வந்ததும் பிள்ளைகள் விழிப்பார்கள். பஸ்ஸை ஓட்டுநர் வேண்டுமானால் எடுப்பார். நாம் பிடிக்கத்தான் முடியும். அதனால் முதல் வேலையாக 'எடு' என்பதை அடித்துவிட்டு, 'பிடி' என்று எழுதச் சொல்வேன்.

இந்தச் சொல் ஆங்கிலேயரின் சொந்தச் சரக்கு அல்ல. 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் மொழி பழைய நார்ஸ். அதில் இச்சொல் 'தாகா'; பிடி, கைப்பற்று என்று பொருள். இதற்கு உறவான கோதிக் மொழிச் சொல்லுக்குப் பொருள் 'தொடு'. கை முதலில் தொடும், பிறகு பிடிக்கும், அப்புறம் கொண்டுபோகும். சொல்லின் பொருளும் ஏறக்குறைய அதே வழியில்தான் வளர்ந்திருக்கிறது.

அதற்குமுன் ஆங்கிலேயர் வைத்திருந்த சொல் 'நிமன்'. அதன் உடன்பிறப்பான 'நேமென்' ஜெர்மனில் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலோ விருந்தாளியாக வந்த சொல் சில நூற்றாண்டுகளில் வீட்டுக்காரனை வெளியே தள்ளிவிட்டது. மிஞ்சிய எச்சங்களில் ஒன்று, உடம்பு மரத்துப்போவதைச் சொல்லும் 'நம்' (எழுத்தில் கடைசியில் ஒரு 'பி' இருக்கும், வாய்க்கு வராது). 'பிடிபட்டது' என்பதே அதன் பழைய பொருள். நாமும் 'கால் பிடித்துக்கொண்டது' என்கிறோமே!

கைப்பற்றுதல் என்ற முரட்டுப் பொருளுக்கு எங்கள் ஊர் வரலாறே போதும். தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த புனித டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தார். 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைப் பிடித்தார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டுக்' போதும். தமிழில் 'கோட்டையை எடுத்தார்' என்று எழுதிப் பாருங்கள்: கோயில் எடுத்தான் என்பதுபோல, கட்டினார் என்று தலைகீழாகிவிடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இதெல்லாம் வியப்பாக இராது. அவர்களுடைய 'பிராந்த்ர்' என்ற வினையும் ரயிலைப் பிடிக்கும், காப்பி குடிக்கும், போட்டோ எடுக்கும். அதன் லத்தீன் மூலத்துக்கும் பிடிப்பது என்றே பொருள். சிறையைக் குறிக்கும் 'பிரிசன்', வியப்பைக் குறிக்கும் 'சர்ப்ரைஸ்' ஆகியவை அந்தக் குடும்பத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவை.

பின்னால் ஒட்டிக்கொள்ளும் 'இன்', 'ஆஃப்' போன்ற சிறு சொற்களைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். 'டேக் இன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தையற்காரரிடம் 'இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தாருங்கள்' என்று சட்டையை நீட்டுகிறோம். ஆங்கிலத்தில் அது 'டேக் இன்'. வீடில்லாதவரை உள்ளே சேர்த்துக்கொள்வதும், சொன்னதை மனத்துக்குள் வாங்கிக்கொள்வதும் 'டேக் இன்'. ஏமாற்றுவதும் அதுவே, ஆளை உள்ளே இழுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 'உள்ளே' என்பதை விடாமல் கையில் வைத்திருந்தால் நான்குமே விளங்கும். 'டேக் ஆஃப்' இவ்வளவு ஒழுங்கு இல்லை. செருப்பைக் கழற்றுவதும் விமானம் கிளம்புவதும் சரி, ஒன்றைவிட்டு மற்றொன்று விலகுகிறது. ஒருவரைப்போல நடித்துக் கிண்டல் செய்வதற்கும் ஏன் அதே சொல் என்று பிள்ளைகள் கேட்டால் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. கடலூரிலிருந்து புதுச்சேரி போக ஒரு மணி நேரம் 'எடுக்கும்' என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது என்பது என் கட்சி. 'நேரம் பிடிக்கும்' என்ற அருமையான தொடர் நம்மிடம் இருக்கிறது.

'பிடி'யும் எல்லா இடத்திலும் பலிக்காது. தேர்வை எழுதுகிறோம், மாத்திரையைச் சாப்பிடுகிறோம், விடை பெறுகிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'டேக்' வரும். பிள்ளை அப்பாவைப் போலவே இருந்தால் 'டேக்ஸ் ஆஃப்டர்' என்பார்கள். அங்கே எடுக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். 'அப்பாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.